பீலிச் சண்டையின் தொழிற்பாடு

சிறிலுக்கு எழுபத்தெட்டு மார்க் கிடைத்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் ஏதோ கோளாறு என்று விடுதி டாக்டரிடம் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வயிற்றை இரண்டு இடத்தில் தட்டினார். பிறகு, "மார்க் வந்திருச்சா?" என்று கேட்டார். அனுபவசாலி.

சிறிலும் நானும் ஹட்டனில் எட்டு வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். என் வாப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் புடவைக் கடை. அவன் அப்பா சூசைரட்ணம், நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில் இருக்கிற ஊசிக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். எட்டு வருடமும் நான் முதலாவது, அவன் இரண்டாவது. அந்த ஒழுங்கில் உலகம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டில் இரண்டு பேரும் பல்கலைக்கழகம் போய்ச் சமூகவியல் எடுத்தோம். அங்கேதான் வரிசை மாறிப்போனது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். நான் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, பாணும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தவனே அவன்தான். "மச்சான், வெறும் வயித்தோட படுக்காத" என்றான். தின்றேன். பாண் இறங்கியது. எழுபத்தெட்டு இறங்கவில்லை.

எங்கள் விரிவுரையாளர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். தொழிற்பாட்டுவாதம் அவருக்கு ஒரு மார்க்கம் மாதிரி. சமூகம் என்பது மனித உடம்பைப் போன்றது என்று முதல் வகுப்பிலேயே சொன்னார். இதயம் ஒரு வேலை செய்கிறது, ஈரல் ஒரு வேலை செய்கிறது, எல்லாம் சேர்ந்து உடம்பை நிற்க வைக்கின்றன. அதேபோல ஒரு சமூகத்தில் உள்ள ஒவ்வொரு வழக்கமும், ஒவ்வொரு சடங்கும், ஏன் ஒவ்வொரு சண்டையும்கூட, அந்தச் சமூகம் குலையாமல் நிற்பதற்கு ஏதோ ஒரு தொழிற்பாட்டைச் செய்துகொண்டுதான் இருக்கும். செய்கிறவர்களுக்கே அது தெரியாது. ஆய்வாளன்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஈரலைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசியதால், அன்று முதல் எங்களுக்குள் அவர் ஈரல் சேர்.

நான் கையைத் தூக்கினேன். "சேர், குடல்வால்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "குடல்வாலுக்கும் ஒரு தொழிற்பாடு இருக்கும், மிஸ்டர் ரிஸ்வி. நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். சிறில் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது, அவரவர் இடத்து வழக்கம் ஒன்றைக் கவனித்து இருபது பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் ஹட்டன் கடைகளில் பேரம் பேசுகிற முறையைப் பற்றி எழுதி ஐம்பத்து நாலு வாங்கினேன். சிறில் எழுதியது பீலிச் சண்டையைப் பற்றி.

ஊசிக்கல் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் மூன்று லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபத்தாறு வீடு. பீலி மட்டும் ஒன்று. மலையில் ஊறுகிற தண்ணீரை இரும்புக் குழாயில் இறக்கி, ஒரு சீமெந்துத் தரையின் மேல் விழ விட்டிருப்பார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அங்கேதான். விடிகாலையில் தப்பு அடித்ததும் இருபத்தாறு வீட்டுப் பெண்களும் குடத்தோடு ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ஆறரைக்குப் பெரட்டு. அதாவது, எல்லோரும் களத்தில் கூடி நிற்க, ஆள் எண்ணி மலைக்கு அனுப்புகிற நேரம். அதற்குள் தண்ணீர் எடுத்து, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்து நிற்க வேண்டும். பிந்தி வந்தால் கணக்கப்பிள்ளை கந்தப்பன் வீட்டுக்குத் திருப்பி விரட்டிவிடுவார். விரட்டினால் அன்றைக்குப் பேர் இல்லை. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் பேர் என்றுதான் சொல்வார்கள். பேர் விழாவிட்டால் அந்த நாளின் சம்பளமும் விழாது.

ஆகவே பீலியில் தினமும் சண்டை.

சிறில் லீவு முழுக்க விடியற்காலையில் எழுந்து, பீலிக்கு மேலே ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். யார் யாரைத் திட்டினார்கள், எவ்வளவு நேரம் திட்டினார்கள், திட்டி முடித்ததும் யார் யாருக்குக் குடம் தூக்கிவிட்டார்கள் என்று எல்லாம். பிறகு அதே பெண்களின் பின்னாலேயே பெரட்டுக்குப் போய் அங்கேயும் கவனித்திருக்கிறான். பீலியில் சண்டை பலமாக நடந்த நாட்களில் பெரட்டில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. மழைக்குப் பயந்து பீலியில் சண்டை போடாமல் ஓடின இரண்டு நாளும் பெரட்டில் தகராறு. இதிலிருந்து அவன் கண்டுபிடித்தது இது: கொதிக்கிற சட்டிக்கு மூடியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற மாதிரி, பீலிச் சண்டை லயத்து மனக்கொதிப்பை விடியற்காலையிலேயே வெளியேற்றிவிடுகிறது. பீலியில் போடாவிட்டால் அவர்கள் பெரட்டில் போடுவார்கள். பக்கம் பதினொன்று. ஈரல் சேர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை நான் மூன்று தரம் வாசித்தேன். மாறவில்லை.

கீழ்ப் பிரிவில் ஆக அடியில் இருப்பது பணிய லயம். அதில் கடைசி வீடு ராக்காயியுடையது. எங்கள் கடைக்கு வருகிறவள் என்பதால் எனக்குத் தெரியும். கைப்பிள்ளை ஒன்று, இருமுகிற மாமனார் ஒருவர், புருஷன் வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். மேட்டு லயத்துப் பெண்கள் பத்து எட்டில் பீலிக்கு வந்துவிடுவார்கள். இவள் நாற்பத்தெட்டுப் படி ஏற வேண்டும். அவள் முறை வருகிறபோது வெளிச்சம் வந்துவிடும். போன மாதத்தில் மட்டும் நாலு நாள் கந்தப்பன் விரட்டியிருக்கிறார். தொடர்ந்து இப்படிப் பேர் குறைந்தால் செக்ரோல் என்கிற ஆள்பதிவிலிருந்தே வெட்டிவிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார். வெட்டினால் வீடும் போகும்.

பணிய லயத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது பீலி ஒன்று வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. கைநாட்டு வைத்து, தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு மூன்று பெட்டிசன் போட்டாள். மூன்றையும் எழுதிக்கொடுத்தவர் சூசைரட்ணம் மாஸ்டர்.

அடுத்த லீவில் நான் கடையில் இருந்தபோது மாஸ்டர் வந்தார். குடையை மடக்கிச் சாத்திவிட்டு, விற்கிறதற்கு வைத்திருந்த பாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ரிஸ்வி தம்பி, ஒங்க வாத்தியாரு தொரைக்கு நன்றிக் கடிதம் போட்டிருக்காரு. ஆராய்ச்சிக்கு எடங்குடுத்ததுக்கு."

"நல்லதுதானே மாஸ்டர்."

"கடிதத்தோட எம்மகன் எழுதின கட்டையும் வச்சு அனுப்பியிருக்காரு." அவர் தொண்டையைச் செருமினார். "மூணாவது பெட்டிசனுக்குத் தொரை எறங்கி வந்துட்டாரு தம்பி. தொரையோட கண்டாக்கைய்யா வந்து கயிறு புடிச்சு அளந்துட்டுப் போயிட்டாரு. குழாய் போடுறதுதான் பாக்கி. நேத்து கூப்பிட்டு அனுப்புறாரு, போறேன். மேசையில இந்தக் கட்டு. செவப்புப் பென்சில்ல கோடு வேற."

"என்ன சொன்னாரு?"

"'மாஸ்டர், உங்க மகன் பெரிய கெட்டிக்காரன். இந்த ஒத்தப் பீலிதான் என் தோட்டத்தைக் கட்டிப் புடிச்சிருக்குன்னு எனக்கு இத்தனை வருசம் தெரியல. நல்லா ஓடுற மிசினை யாராச்சும் கழட்டுவாங்களா'ன்னு கேட்டு, எந்திரிச்சு கைகுடுத்தாரு தம்பி. என் சர்வீசுல எனக்குத் தொரை கைகுடுத்தது இதுதான் மொத தடவை."

அவர் முகத்தில் பெருமையும் இருந்தது, துக்கமும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை. "அப்பன் எழுதினதை மகன் எழுதினது தின்னுருச்சு" என்றார்.

அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ராக்காயிக்காக நான் வருத்தப்படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இரண்டாவது பீலி வந்து, சண்டை நின்று, பெரட்டும் அமைதியாக இருந்துவிட்டால் பக்கம் பதினொன்று காலி. ராக்காயிக்குப் பீலி வேண்டும், எனக்குச் சிறில் தோற்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே குழாய் போதும். அன்றிலிருந்து நான் தொழிற்பாட்டுவாதத்தின் விமர்சகன்.

ஊசிக்கல்லுக்கு பஸ் ஏறினேன். சிறில் வீட்டு வாசலில் முகம் வெளிறிப்போய் நின்றான்.

"மச்சான், நான் அப்படிச் சொல்லவே இல்லையே. இருக்கிறதை இருக்குன்னு சொன்னேன். இருக்கணும்னு எங்க சொன்னேன்?"

"இருக்கிறதுக்கெல்லாம் ஒரு நன்மை இருக்குன்னு இருபது பக்கம் எழுதினா, வாசிக்கிறவன் வேற என்னடா விளங்கிக்குவான்?"

"நன்மைன்னு எழுதல. தொழிற்பாடுன்னு எழுதினேன்."

"யாருக்குத் தொழிற்பாடு? சட்டி ஆறிப்போனா சந்தோசம் சட்டிக்கா, சமைக்கிறவனுக்கா? பெரட்டு அமைதியா இருந்தா யாருக்கு லாபம், ராக்காயிக்கா, தொரைக்கா? சமூகம் சமூகம்னு சொல்றியே, அதுல தொரையும் ராக்காயியும் ஒரே பக்கத்திலயா நிக்கிறாங்க?"

 "நல்ல கேள்வி மச்சான்" என்றான். "இதை நீ எழுதணும்."

இதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. கோபப்பட்டிருந்தால் ஒரு திருப்தியாவது கிடைத்திருக்கும்.

எழுதினேன். ஒரு வாரத்தில் நாற்பது பக்கம். இருபத்தாறு வீட்டுக்கு ஒரு குழாய் வைத்தால் தேவதூதர்களும் சண்டை போடுவார்கள் என்று தொடங்கினேன். உடம்பில் ஈரல் குடலை வேலையை விட்டு நிறுத்துவதில்லை, தோட்டத்தில் நிறுத்துகிறார்கள், ஆகவே தோட்டம் உடம்பல்ல என்று எழுதினேன். எதைக் காட்டினாலும் அதற்கொரு தொழிற்பாடு கண்டுபிடிக்கிற கொள்கை, எதையும் கண்டுபிடிக்காத கொள்கை என்று முடித்தேன். சிறிலின் பெயரைப் பதினேழு இடத்தில் குறிப்பிட்டிருந்தேன். தபாலில் போட்டேன். பத்தாம் நாள் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் ஈரல் சேர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'கோபம் அதிகம். இந்தக் கோபத்தின் தொழிற்பாடு என்ன என்று சிந்திக்கவும்.'

அதற்குமேல் எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. சிறில் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று அந்தப் பெண்களுக்கே வாசித்துக் காட்டுவது. அவர்கள் அவனை என்ன செய்வார்கள் என்று பஸ்ஸில் போகிற வழியெல்லாம் கற்பனை செய்து பார்த்தேன். பாதை வளைவுகள்கூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பீலியில் ஏழெட்டுப் பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளை வருகிற இடமல்ல. மறுப்பு எழுதச் சிறிலிடமே வாங்கி வைத்திருந்த நகலோடு நான் படியிறங்கியதும், மேட்டு லயத்துக் காத்தாயி துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பீலிச் சண்டையில் ராக்காயிக்கு எதிர்க்கட்சி அவள்தான்.

"என்னா சின்ன மொதலாளி, சீலை விக்க வந்தீங்களா, தொவைக்க வந்தீங்களா?"

"நீங்க சண்டை போடுறதைப் பத்தி சிறில் எழுதியிருக்கான். வாசிச்சுக் காட்ட வந்தேன்."

"மாஸ்டர் மகனா? நம்மளைப் பத்தியா? அடி ராக்காயி, இங்க வாடி!"

இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. நான் எதிர்பார்த்த கோபம் ஐந்தாம் பக்கத்தில் வந்தது.

"நிறுத்துங்க" என்றாள் காத்தாயி. "அன்னைக்கு நான் இவளைக் கழுதைன்னு சொல்லவே இல்ல. எருமைன்னு சொன்னேன்."

"ஆமா, எருமைன்னுதான் சொன்னா" என்றாள் ராக்காயி. "எழுதினா ஒழுங்கா எழுத வேணாமா? எங்க பேரைப் போட்டிருக்கா?"

"இல்லை. 'ஒரு பெண்', 'இன்னொரு பெண்'னு போட்டிருக்கு."

"பெரட்டுலதான் பேரு போட மாட்டேங்கிறாங்க. இவருமா?"

ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பனியில உக்காந்து எவ்வளவு எழுதியிருக்கு பாவம், தலையில ஒரு துண்டுகூட இல்லாம, என்று ஒரு கிழவி இரக்கப்பட்டாள். நான் அவர்களுடைய எதிரியைக் காட்டிக்கொடுக்க வந்தவன். கால்மணி நேரத்தில் அவனை அந்தப் பீலியின் செல்லப்பிள்ளையாக்கிவிட்டேன்.

"இதனாலதான் தொரை ஒங்களுக்கு ரெண்டாவது பீலி இல்லைன்னுட்டாரு" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

சிரிப்பு நின்றது. ராக்காயி கிட்டே வந்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க. நாங்க இங்கன சண்டை போடுறதாலதான் பெரட்டுல சத்தம் இல்லைன்னு தொரை நம்புறாரா?"

"ஆமா."

"இங்கன போடாட்டி?"

"பெரட்டுல போடுவீங்களாம். பக்கம் பதினொன்று."

அவள் காத்தாயியைப் பார்த்தாள். காத்தாயி அவளைப் பார்த்தாள். பிறகு ராக்காயி என் பக்கம் திரும்பி, "சரிங்க சின்ன மொதலாளி, பொம்பளைங்க குளிக்கணும், நீங்க கெளம்புங்க" என்றாள்.

கடைசி பஸ் போய்விட்டதால் அன்று மாஸ்டர் வீட்டில் தங்கினேன். விடிகாலையில் தப்புச் சத்தம் கேட்டு நானும் சிறிலும் பீலிப் பக்கம் போனோம். பீலியில் வரிசை. ஒருத்தி பின்னால் ஒருத்தி, வாயைத் திறக்காமல். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரத்தில்கூட அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. சிறில் பென்சிலை எடுத்தான்.

ஆறரைக்குப் பெரட்டுக் களம். கந்தப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். தொரை குதிரைக்கால் மாதிரி இருக்கிற நீளச் சப்பாத்தோடு பக்கத்தில் நின்றார். முதல் பேர் கூப்பிடுவதற்குள் காத்தாயி ராக்காயியிடம் தொடங்கிவிட்டாள்.

"ஏண்டி, நேத்து எம்மேல தண்ணி ஊத்தினியா இல்லையா?"

"ஊத்தலடி! ஊத்தியிருந்தா நீ நேத்தாவது குளிச்ச மாதிரி இருந்திருக்கும்!"

"ஓம் மாமியா செத்தன்னைக்கு நீ ஒரு சொட்டு கண்ணீர் விட்டியாடி?"

"எம் மாமியா உசுரோடதானடி இருக்கா, மடகும்புரயில மக வீட்டுல!"

"அதான் கேக்கிறேன், ஏன் அழல?"

இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கூடைகள் பறந்தன. ஆனால் வெறும் கூடைகள், யார் மேலும் படாமல். கந்தப்பன் கத்திய பேர்கள் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மலைக்கு ஆள் ஏற ஏழேகால் ஆனது. செவ்வாய்க்கிழமை ஏழரை. புதன்கிழமை, களத்துக்கே வராத கிழவிகூட வந்து ஒரு பங்கு திட்டிவிட்டுப் போனாள். நான் வாப்பாவுக்கு, படிப்பு வேலையாக இருக்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு அங்கேயே தங்கினேன். பொய்யில்லை.

வியாழக்கிழமை தொரை பொறுமையிழந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு வரும்.

"ஏய்! என்ன சத்தம்? இது பெரட்டு! சண்டை பீலியில போடு!"

எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். ராக்காயி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"பீலியில நேரம் பத்தலைங்க தொரை. இருபத்தாறு வீட்டுக்கு ஒரே பீலி. எல்லாருக்கும் சண்டை போட மொறை கெடைக்கிறதில்லைங்க. பணிய லயத்துக்காரங்க நாங்க வர்றதுக்குள்ள பெரட்டு வந்திருது. அதனால மிச்சத்தை இங்கன வந்து போட வேண்டியிருக்கு. ரெண்டு பீலி இருந்தா எல்லாரும் அங்கனயே முடிச்சிட்டு நல்ல புள்ளைங்களா வந்து நிப்போம்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் நாற்பது பக்கத்தில் இல்லாத வாதம் அது. என் நாற்பது பக்கத்துக்கு எதிரான வாதம்.

தொரை தாடையைத் தடவினார். வேலியோரம் நின்ற சிறிலைப் பார்த்து இங்கிலீசில், "உன் ஆராய்ச்சிப்படி இது சரியா?" என்று கேட்டார்.

சிறில் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "பக்கம் பதினொன்றின்படி இப்படித்தான் நடக்க வேண்டும், சேர்" என்றான்.

அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவன் நம்பிச் சொன்னானா, தெரிந்தே சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முகத்தை அவன் என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும். எட்டு வருடம் ஒரே வாங்கு.

மூன்று வாரத்தில் பணிய லயத்துக்குப் பக்கத்தில் குழாய் இறங்கியது.

பல்கலைக்கழகத்தில் அடுத்த தவணை முழுவதும் நான் மாஸ்டருக்குக் கடிதம் போட்டு நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தேன். புதுப் பீலியில் சண்டை இல்லை. பழைய பீலியிலும் சண்டை இல்லை. பெரட்டிலும் சத்தம் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஈரல் சேரின் அறைக்கு ஓடினேன். படியில் இரண்டு தரம் தடுக்கினேன்.

"சேர், சண்டை நின்றுவிட்டது. தோட்டம் குலையவில்லை. தொழிற்பாடு இல்லாமலே தோட்டம் நடக்கிறது."

அவர் கடிதத்தை நிதானமாக வாசித்தார். "நல்லது" என்றார். "அப்படியானால் சண்டை செய்த வேலையை இப்போது வேறு ஏதோ ஒன்று செய்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி." இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். சிறிலின் கையெழுத்து. இரண்டு பீலி வந்த பிறகு ஒவ்வொரு லயமும் தன் பீலியைச் சுற்றி ஒன்றுபட்டிருக்கிறது, அந்த ஒற்றுமையே பழைய சண்டையின் இடத்தை நிரப்புகிறது, என்று முப்பது பக்கம். மேலே சிவப்பு மையில் எண்பத்தொன்று.

"சண்டை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரியா, சேர்?"

"சமூகம் நிற்கிறதா இல்லையா, மிஸ்டர் ரிஸ்வி?"

"நிற்கிறது."

"பிறகென்ன?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கனிவு வந்துவிட்டது, அது அதைவிட மோசம். "உங்கள் நண்பர் மேல் உங்களுக்குப் பொறாமை என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். கவலைப்படாதீர்கள். அதற்கும் ஒரு தொழிற்பாடு இருக்கிறது. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் சிறில் கவனமாக எழுதுகிறார். நீங்கள் இல்லாவிட்டால் எண்பத்தொன்று இல்லை."

கட்டின் முதல் பக்கத்தில் நன்றியுரை இருந்தது. 'இடைவிடாமல் குறை கூறி உதவிய நண்பர் ரிஸ்விக்கு.' கேலியில்லை. அவன் மனதாரத்தான் எழுதியிருந்தான். அன்று நான் டாக்டரிடம் போகவில்லை.

லீவு விட்டதும் ஊசிக்கல்லுக்குப் போனேன். எங்காவது ஒரு மூலையில் ஒரு சின்னச் சண்டையாவது, அல்லது அந்த ஒற்றுமை பொய் என்பதற்கு ஒரு சாட்சியாவது, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று. காலை பத்து மணி. பணிய லயத்துக்காரர்கள் மலையில் இருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு நின்ற ராக்காயி மட்டும் புதுப் பீலியில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சின்ன மொதலாளி. எங்க பீலியைப் பாத்தீங்களா? சிறில் தம்பி பீலின்னு பேரு வச்சிருக்கோம்."

"சிறில் பீலியா?" என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது. "வாசிச்சுக் காட்டினது நான்தானே அக்கா?"

"வாசிச்சுக் காட்டினவருக்கெல்லாம் பேரு வைப்பாங்களா? எழுதினவருக்குத்தான் வைப்பாங்க."

"நானும் எழுதினேன். நாப்பது பக்கம்."

"அப்படியா? அதுல என்னா இருந்துச்சு?"

சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். "அதை விடுங்க. பேர் ஒழுங்கா விழுதா?"

"ஒரு நாளும் வெரட்டலைங்க. கந்தப்பன் ஐயாவே, நீ எப்பயிருந்து மொத ஆளா வர்றேன்னு கேக்கிறாரு."

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்களும் காத்தாயியும் இப்ப ஏன் சண்டை போடுறதில்லை?"

அவள் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள், வெயிலில் நடந்து வந்ததால் ஏதாவது ஆகிவிட்டதோ என்பதுபோல. "தண்ணி இருக்கே" என்றாள். "எதுக்குங்க சண்டை?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நாற்பது பக்கம், ஒரு வாரத் தூக்கம், கைவிரலில் காய்ப்பு. அவளுக்கு அதைச் சொல்ல ஒரு குடத்தைத் தூக்குகிற நேரம் போதுமாயிருந்தது. இதுவரை எனக்குப் பொறாமைப்பட ஒருவன்தான் இருந்தான்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். சிறில் பீலித் தண்ணீர். சில்லென்று இருந்தது, மண்வாசனை இல்லை, இரும்புத் துருவின் ருசி இல்லை. இன்னொரு தரம் அள்ளி, வாயில் கொஞ்சநேரம் வைத்திருந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.